ஓட்டிப் பார்க்காத மெஷின்

குளிர்பெட்டியின் பிளக்கைச் சித்தப்பா கொண்டுபோய்ச் செருகிய இடம் சோதனைப் பலகை. வீட்டின் முன்னறைதான் கடை. பழுதாகி வரும் டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின் எதுவானாலும் முதலில் அந்தப் பலகையில்தான் மாட்டிப் பார்ப்பார்கள். அதில் ஒரு துளைக்கு மட்டும் கரண்ட் நேராகப் போகாது. பலகையின் தலையில் இருக்கும் பெரிய குண்டு பல்பு வழியாகத்தான் போகும். மெஷினுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், வீட்டு ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளும். நாலு துளை இருக்க, சித்தப்பா பார்த்துப் பார்த்து அதிலேயே செருகினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்பா படுத்திருந்த பெட்டி உம்மென்றுகூடச் சொல்லவில்லை.

“கரண்ட்டு வருதே! பெட்டிதான் போச்சு. வாடகைக்கு விடுறவன் எவன் ஒழுங்கா பாத்துக் குடுக்கறான்?” என்று சித்தப்பா பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார்.

மகளுக்கு விஷயம் தெரியும். பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து அவளுக்கு எதைச் சொல்லவும் வாய் வரவில்லை. காலையிலிருந்து சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருந்த அம்மாதான் எழுந்து வந்தாள். பிளக்கைப் பிடுங்கி நாலாவது துளையில் செருகினாள். பல்பு அணைந்தது, பெட்டி உறுமத் தொடங்கியது.

“அது சீரியல் லைன்” என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.

“அதிர்ச்சியில என்னென்னமோ பேசுறா, பாவம்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அப்பா செத்தது காலை ஏழு மணிக்கு. ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே கீழே உட்கார்ந்தாராம். தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஷட்டர் இன்னும் பாதியில்தான் நின்றது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் குனிந்துதான் உள்ளே வந்தார்கள். அதை முழுசாகத் தூக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை.

வந்தவர்களில் பாதிப் பேர் தச்சர், டைல்ஸ் போடுகிறவர், ஏசி மெக்கானிக் என்று மெஷின் பிடிக்கிறவர்கள். அவர்களுக்கு அப்பா ‘காதுக்காரர்’. மெஷினை ஒரு நிமிடம் ஓட்டச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “பின்பக்க பேரிங்” என்பார், “கார்பன் தேஞ்சு போச்சு” என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். அதில் பொய் இல்லை. பிரித்துப் பார்ப்பது அவர் என்பது மட்டும்தான் பொய்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய டிரில்லை ஓட்டிப் பார்க்கும்போது துளை போடும் பிட்டு கான்கிரீட்டில் சிக்கி, மெஷின் சுழன்று அப்பாவின் வலது மணிக்கட்டை முறுக்கிவிட்டது. எலும்பு கூடியது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி திரும்பவில்லை. தலைமுடி மாதிரி இருக்கும் செப்புக் கம்பியை அந்த விரல்களால் பிடிக்க முடியாது. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து கம்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, ‘கை சரியாகிற வரைக்கும்’ என்று மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சருக்குக் கம்பி சுற்ற ஆரம்பித்தாள். திரைக்குப் பின்னால், நடு அறையில். கை சரியாகவே இல்லை. அப்பா முன்னால் நின்று கேட்டுச் சொல்லுவார், ஜோக் அடிப்பார். அம்மா பின்னால் உட்கார்ந்து பிரிப்பாள், சுற்றுவாள், பூட்டுவாள். ஊருக்குத் தெரிந்தது முன்பக்கம் மட்டும்தான்.

மகளுக்கு இந்த ஏற்பாட்டின் மேல் எப்போதும் எரிச்சல் உண்டு. அம்மாவுக்கும் ஒரே ஒருமுறை வந்திருக்கிறது. “நான்தான் பண்றேன்னு சொன்னா என்ன?” என்று கேட்டாள். “சொன்னா நாளைக்கு ஒருத்தன் படியேற மாட்டான்” என்றார் அப்பா. சொல்லிவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவருக்கும் அது சந்தோஷமாக இல்லை என்று மகளுக்கு அப்போது புரிந்தது. எரிச்சல் மட்டும் குறையவில்லை.

இப்போது சாகவும் செய்துவிட்டார். மகள் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதாள், நடுநடுவே யோசித்தாள். அவள் புகுந்த வீட்டில் படுக்கையறை ஒன்று. அதில் அவளும் புருஷனும். கூடத்தில் மாமியார். அம்மாவுக்கு அங்கே வர ஆசை இல்லை, அவளுக்கும் கூப்பிட ஆசை இல்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும். கடை இருந்தால் அம்மா இருந்த இடத்தில் இருப்பாள். சித்தப்பாவின் பெயிண்ட் கடை அடுத்த தெருவில். டப்பா அடுக்க இடம் போதவில்லை என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்று காலையிலேயே முன்னறையை ஒரு சுற்று கண்ணால் அளந்தும் விட்டார். கெட்டவர் இல்லை. பிள்ளைகள் மூன்று பேர், இடம் ஒன்று.

ஆகவே காண்ட்ராக்டர் வந்தால் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மகள் முடிவு செய்திருந்தாள். கடைக்கு வரும் வேலையில் பாதி அவருடையது. அவர் நம்பி நாலு மெஷின் அனுப்பினால் மற்றவர்கள் தன்னால் வருவார்கள்.

இரண்டரை மணிக்குக் காண்ட்ராக்டர் குனிந்து உள்ளே வந்தார். பின்னால் அவருடைய டிரைவர், கையில் ஒரு சாக்குப் பையோடு. வேலை நடக்கிற இடத்திலிருந்து நேராக வந்திருந்தார்கள், செருப்பெல்லாம் சிமெண்ட். காண்ட்ராக்டர் பெட்டி அருகே கொஞ்ச நேரம் நின்றார். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

“போன வாரம்கூட ஃபோன்ல சிரிச்சுப் பேசினாரும்மா” என்றார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் கப்பில் டீயை வாங்கிக்கொண்டார்.

சித்தப்பா சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது அவர் ஜாதகத்தில் இல்லை.

“பையில என்னப்பா, மெஷினா?” என்று டிரைவரைக் கேட்டார்.

“ஒண்ணுமில்லண்ணே. வண்டியில வெச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்னு…”

“ரிப்பேருக்கா? இனிமே யாரு பாப்பாங்க இங்க?”

டிரைவர் காண்ட்ராக்டரின் முகத்தைப் பார்த்தான். அவர் டீயைப் பார்த்தார். டிரைவருக்கு வயிற்றில் எதுவும் தங்காது போலிருக்கிறது. “முந்தாநாள் இங்கேந்து எடுத்துட்டுப் போனதுதாண்ணே. காலைல டைல்ஸ் அறுக்கப் போட்டோம். தீப்பொறி எல்லாம் ஆளு மேலயே அடிக்குது. என்னடான்னு பாக்கறதுக்குள்ள நட்டு கழண்டு டிஸ்க்கு பறந்துடுச்சு. ஜன்னல் கண்ணாடி ரெண்டு போச்சு.”

“ஆளுக்கு?” என்றார் ஒருவர்.

“காதோரமா போச்சு. ஆயுசு கெட்டி.”

அந்த வீட்டில் வளர்ந்த மகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மெஷினுக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் கட்டைகளுக்குப் போகும் வயர் இரண்டும் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். கட்டிங் மெஷினில் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் நட்டு, சுற்றச் சுற்ற இறுகும்படிதான் மரை போட்டிருப்பார்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் அதே நட்டு தானாகக் கழன்றுகொள்ளும். முந்தாநாள் மத்தியானம் அப்பா அவளுக்கு ஃபோன் செய்திருந்தார். “உங்கம்மாவுக்கு ஜுரம். இழுத்துப் போத்திட்டுப் படுத்திருக்கா. இன்னிக்குக் கடைக்கு நான்தான் மெக்கானிக்!” என்று சிரித்தார். “காயில் எல்லாம் அவளே சுத்தி வெச்சுட்டா. பூட்டறதுதான் பாக்கி. நாலு வயரு, ஆறு ஸ்க்ரூ. ஒரு நாளைக்கு நான் பாக்க மாட்டேனா?”

சித்தப்பா தலையை ஆட்டினார். “அண்ணனுக்குக் கடைசில கை போயிடுச்சு. நானும் கவனிச்சேன். கண்ணாடிய நெத்தில வெச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுவாரு. சொன்னா கேக்கற ஆளா? வயசானா கடைய மூடிட்டு ஒக்காரணும்.”

கூடியிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், அப்பாவின் கை எப்படி இருக்கிறது என்று பார்க்கிறவரைப் போல. “எவ்வளவு பெரிய வேலக்காரன். கடைசில இப்படி ஆயிட்டாரே” என்றார்.

“விடுங்க. மனுஷனே போயிட்டாரு, மெஷின் கெடக்கு” என்றார் காண்ட்ராக்டர். நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா கழுத்து. அதத்தான் நெனச்சுப் பாக்கறேன்.”

“அது அவரு பண்ணதில்ல” என்று சுவரோரத்திலிருந்து அம்மா சொன்னாள். “நான் பண்ணேன்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“நீங்களாம்மா?” என்றார் காண்ட்ராக்டர்.

“அவருக்கு ஒடம்பு முடியல. நான்தான் பூட்டினேன். வயரு மாறிடுச்சு. அன்னிக்குக் கரண்ட்டும் இல்ல, ஓட்டிப் பாக்காம குடுத்துட்டேன்.”

சித்தப்பாவின் முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி வந்தது. “அதான பாத்தேன்! எங்கண்ணனாவது தப்பு பண்றதாவது. ஏன் அண்ணி, உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல? கரண்ட்டுங்க அது. ஒரு உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்றது?”

உச்சுக் கொட்டிய அதே ஆட்கள் இப்போது பெட்டியை மரியாதையாகப் பார்த்தார்கள், அம்மாவை வேறு மாதிரி பார்த்தார்கள். மகள் வாயைத் திறந்தாள். அம்மா அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் விருந்தாளி முன்னால் இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டினால் வருமே, அந்தப் பார்வை. வாய் தானாக மூடிக்கொண்டது.

அம்மா எழுந்து டிரைவரிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். மகளும் பின்னாலேயே போனாள்.

மேஜையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அம்மா விளக்கைப் போட்டு, மெஷினை மடியில் கிடத்துகிற மாதிரி கிடத்தி, கைப்பிடியின் மூடியைத் திறந்தாள்.

“ஏம்மா அப்படிச் சொன்ன?”

“அந்த ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை எடு.”

எடுத்துக் கொடுத்தாள். “உனக்கு ஜுரம்னு அப்பா எங்கிட்ட சொன்னாரும்மா. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா சரி.”

வயர் முனைகளில் அப்பா கறுப்பு டேப்பை வளைத்து வளைத்துச் சுற்றியிருந்தார். உணர்ச்சி இல்லாத விரலுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்காது. ஒவ்வொரு முனையும் பட்டாணி அளவுக்குத் தடித்திருந்தது. பல்சக்கரத்துக்கு ஒரு விரல் கிரீஸ் போதும். அவர் டப்பாவையே கவிழ்த்திருந்தார். அம்மா அதைத் துணியால் வழித்தெடுத்தாள். கண்ணில் நீர் வந்தது, துடைக்கக் கை சுத்தமாக இல்லை, அப்படியே விட்டாள்.

“அன்னிக்குச் சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்துல நின்னாரு” என்றாள், மெஷினைப் பார்த்துக்கொண்டே. “ஓட்டிப் பாக்காம குடுத்துட்டேன், ஒரு ஃபோன் பண்ணி போட வேண்டாம்னு சொல்லிடட்டுமான்னு கேட்டாரு. எனக்குத் தல வெடிக்குது, பேசாம போங்கன்னுட்டேன்.”

“அதுக்காகவா?”

“அதுக்காகன்னு இல்ல.” டேப்பைப் பிரித்தாள். “ஆளப் பெட்டில போட்டு வெச்சுட்டு சுத்தி நின்னு பாவம்பாவம்ங்கறாங்க. என்னால கேக்க முடியல.”

“சொன்னதுதான் சொன்ன, முழுசா சொல்லியிருக்கலாமே. பதினேழு வருஷமா எல்லாமே நான்தான்னு.”

“சொன்னா?” அம்மா இரண்டு வயர்களையும் கழற்றி இடம் மாற்றினாள். “பதினேழு வருஷத்த எவன் பாத்தான்? இன்னிக்குப் பறந்த டிஸ்க்க எல்லாரும் பாத்துட்டாங்க.”

மகளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எத்தனை ஆயிரம் மெஷின் இந்தக் கையில் பிழைத்துப் போயிருக்கும். இது என்னுடைய வேலை என்று அம்மா நாலு பேர் முன்னால் உரிமை கொண்டாடியது ஒன்றே ஒன்றைத்தான், அதுவும் அவள் பூட்டாத மெஷினை.

அம்மா முனைகளில் நூல் போட்டு இறுக்கி, மூடியைப் பூட்டி, வேறொரு டிஸ்க்கை மாட்டினாள். முன்னறைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியின் பிளக்குக்கு அடுத்த துளைகளில் மெஷினைச் செருகி, முதலில் பல்பு வழியாக, பிறகு நேராக ஓட்டினாள். சுற்றும் டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு பேப்பர்த் துண்டை மெல்லக் காட்டினாள். பேப்பர் போக வேண்டிய பக்கம் பறந்தது. செத்த வீட்டில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டு வாசலில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

“சரியா இருக்கு” என்றார் காண்ட்ராக்டர். பத்து நிமிடத்தில் முடித்ததையும் அவர் கவனித்திருக்க வேண்டும். அம்மாவின் கையை ஒருமுறை பார்த்தார்.

மகள் துணிந்துவிட்டாள். “இனிமேயும் இங்கயே குடுங்க சார். அம்மா நல்லா பண்ணுவாங்க. நெஜமா.”

காண்ட்ராக்டர் டிரைவரைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், கடைசியில் செருப்பிலிருந்த சிமெண்டைப் பார்த்தார். “பாக்கலாம்மா” என்றார். பெண் பார்க்க வந்து திரும்பிப் போகிறவர்கள் சொல்லுகிற ‘பாக்கலாம்’ அது. அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, மறுபடியும் பெட்டியைக் கும்பிட்டுவிட்டுக் குனிந்து வெளியே போனார்.

அப்பாவை எடுத்துப்போக வண்டி நாலு மணிக்கு வருவதாக இருந்தது. மூன்றரைக்குச் சித்தப்பா திரைக்குப் பக்கத்தில் வந்து தொண்டையைக் கனைத்தார்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்கவங்க மெஷினத் திருப்பிக் கேக்கறாங்க.”

“இப்பவா சித்தப்பா?” என்றாள் மகள்.

“நான் என்ன பாப்பா பண்றது? நாளைக்கு வேல இருக்குங்கறாங்க. பிரிச்சது பிரிச்சபடியே குடுத்தா போதுமாம்.”

அம்மா எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். பதினோரு மெஷின் இருந்தது. ஒவ்வொன்றிலும் கட்டிய அட்டையில் அப்பாவின் இடதுகைக் கோணல் எழுத்து: ‘டைல்ஸ், முன் பேரிங்’, ‘ஏசி, சுவிட்ச்’. வந்து நின்றவர்கள் கண்ணைப் பார்க்கவில்லை. அம்மா பிரித்த மெஷின்களின் உறுப்புகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஸ்க்ரூவை எண்ணி, “ஏழு இருக்கு, பாத்துக்கங்க” என்று சொல்லிக் கொடுத்தாள். பாதி சுற்றிய ஒரு ஆர்மேச்சரைக் கொடுக்கும்போது மட்டும் தயங்கினாள். கம்பி அவிழாமல் முனையில் ஒரு முடிச்சு போட்டுக் கொடுத்தாள். “வேற எவனும் இந்தக் கணக்குல சுத்த மாட்டான். முழுசா பிரிச்சுட்டுத்தான் சுத்துவான், சொல்லி வெச்சுடுங்க” என்றாள். வாங்கியவர் தலையாட்டிவிட்டு விரைந்து போனார்.

கடைசியில் வந்தவர் வயதான தச்சர். அவருடையது இழைப்பு மெஷின். திங்கட்கிழமையே வேலை முடிந்துவிட்டது. அட்டையில் ‘தயார்’ என்று அப்பா எழுதியிருந்தார். ஜுரம் வருவதற்கு முதல்நாள் அம்மா அதை மூன்று மணி நேரம் உட்கார்ந்து முடித்ததாக ஃபோனில் மகளிடம் சொல்லியிருந்தாள். இடுப்பு ஒடிந்தது என்று சொன்னாள், ஆனால் குரலில் சந்தோஷம் இருந்தது.

தச்சர் அதை வாங்கிப் பலகையில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். சத்தம் ஒரே சீராக வந்தது. கார்பன் பக்கம் பொறியே இல்லை. நிறுத்திவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று நின்றார்.

“இது அவரு முடிச்சதுதானேம்மா?”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மெஷினைப் பார்த்தாள்.

“ஆமா. அவரு முடிச்சதுதான்.”

தச்சரின் முகம் தெளிந்தது. “அதானே, சத்தத்துலயே தெரியுதே. இத இனி வேற எவன் கையிலயும் பிரிக்கக் குடுக்க மாட்டேன். அவரு ஞாபகமா வெச்சுக்கறேன்.”

“வெச்சுக்கங்க. ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கார்பன மாத்திடுங்க. விட்டுட்டா ஆர்மேச்சரைத் தின்னுடும்.”

“அவரு சொன்னாராம்மா?”

“சொன்னாரு.”

வெளியே வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது. சித்தப்பா போய் ஷட்டரை முழுசாகத் தூக்கினார். அம்மா இழைப்பு மெஷினின் வயரை நாலாக மடித்து, மடிப்பு கலையாமல் ரப்பர் பேண்டு போட்டு, தச்சரின் கையில் கொடுத்தாள். பிறகு துணியை எடுத்துக் கையிலிருந்த கிரீஸை ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள்.